யார் சொன்னது, யாரிடம் சொன்னது

எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் நான் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். வீரசோழனிலிருந்து வருகிறவர்கள் இஸ்லாமியப் பாட்டு கேட்பார்கள். எம்.ரெட்டியபட்டிக்காரர்கள் கோயில் பொங்கலுக்குப் போட சாமி பாட்டு கேட்பார்கள். நான் சபையில் ஆர்மோனியம் வாசிக்கிறவன் என்பதால் புதுக் கிறிஸ்தவப் பாட்டுக் கேசட்டுகளையும் தேடி வாங்கி வைப்பேன். அதுவரை கீர்த்தனைப் புத்தகத்தைப் பார்த்தே பாடிக்கொண்டிருந்த எங்கள் சபைக்குக் கைதட்டலும் டோலக்கும் வந்தது அந்தக் கேசட்டுகள் வழியாகத்தான். வியாழக்கிழமை கடையில் கேட்ட பாட்டை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடிவிடுவோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? ராகம் பிடித்தால் ஆமென், அவ்வளவுதான்.

பார்த்தவள் என் மனைவி. பாளையம்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள். வீட்டுக்குள் தெலுங்கு பேசும் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவள். நான் தொட்டிலிலேயே கிறிஸ்தவன்; அந்தத் தைரியத்தில் வேதத்தை ஒழுங்காக வாசித்ததே இல்லை. அவளோ இருபத்திரண்டு வயதில் அதை முதன்முதலாகக் கையில் எடுத்து, ஆதியாகமத்தில் தொடங்கி ஒரு பக்கம் விடாமல் முடித்துவிட்டுத்தான் ஞானஸ்நானத்துக்கு வந்தாள். அவளுக்கு அதில் எதுவும் பழகிப்போன வார்த்தை இல்லை. ஒவ்வொன்றையும் அவள் அர்த்தம் தெரிந்தே படித்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விசுவாசியின் கண்ணில் கண்ணீரே வராது என்று ஒரு புதுப் பாட்டைப் பிரமாதமாகப் பாடி முடித்தோம். ஆராதனை முடிந்ததும் அவள் நேரே போதகரிடம் போனாள்.

"ஐயா, லாசருவோட கல்லறையில ஆண்டவரே அழுதாருல்ல? அப்ப அவருக்கு விசுவாசம் இல்லையா?"

எனக்கு மானம் போனது. போதகர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், இனிமேல் புதுப் பாட்டு எதுவானாலும் உன் கையைத் தாண்டித்தான் சபைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அப்படி ஏற்பட்ட பழக்கம்தான் வசனச் சீட்டு. பாட்டைக் கொண்டுவருகிறவர் ஒரு தாளின் இடது பக்கம் பாட்டின் வரிகளையும், வலது பக்கம் அந்தந்த வரிக்கு ஆதாரமான அதிகாரத்தையும் வசன எண்ணையும் எழுதிக் கொடுக்கவேண்டும். சனிக்கிழமை மத்தியானம் அவள் தையல் மிஷினை மூடி அதன்மேல் வேதத்தை விரித்துவைத்துச் சரிபார்ப்பாள். ஆதாரம் சரியென்றால் டிக். வசனம் இல்லாவிட்டாலும் வேதத்துக்கு விரோதமில்லை என்றால் ஒரு புள்ளி. விரோதமென்றால் வட்டம். வட்டம் போட்ட வரியை மாற்றாமல் பாடக்கூடாது.

அவள் கையில் சிக்கினால் பாட்டே பிழைக்காது என்று வாலிபர் சங்கத்தில் கேலி பேசினார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. திருச்சுழியிலிருந்து ஒருவர் தானே எழுதிக்கொண்டுவந்த பாட்டில் சீமைக்கருவேல முள் வந்தது. ஆராதனைப் பாட்டில் அந்தச் சனியனா என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். "முள்ளு ஆண்டவர் தலையிலயே இருந்துச்சு, பாட்டுல இருந்தா என்ன?" என்று அவள் டிக் போட்டாள். கேசட்டில் வந்த இன்னொரு பாட்டில் பனி கொட்டியது. வெயிலில் தார் உருகும் ஊரில் பனி எதற்கு என்று நான் கிண்டல் செய்தேன். வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் பனி இருக்கிறது, நமக்கு இல்லாதது பாட்டெழுதினவர் குற்றமா என்று கேட்டு அதையும் விட்டுவிட்டாள். எல்லாரும் நல்ல பாட்டு என்று சொன்னதற்கு அவள் வட்டம் போட்டிருக்கிறாள். யாரும் சீண்டாத பாட்டுக்குக் கண் கலங்கியிருக்கிறாள். எந்தப் பாட்டிடமும் அவள் கேட்பது இரண்டே கேள்விதான்: இதை யார் சொன்னது, யாரிடம் சொன்னது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆண்டவருக்கு நன்றி சொல்லும் எங்கள் ஸ்தோத்திரப் பண்டிகைக்காக நானே ஒரு பாட்டு எழுதினேன். வாழ்நாளில் என் முதல் பாட்டு. ராகம் அப்படி வந்து அமைந்தது. கடைக்கு வந்தவர்கள் இரண்டு தடவை கேட்டதுமே முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். போதகர் பண்டிகை அறிவிப்பிலேயே என் பாட்டைச் சேர்த்துவிட்டார். தொடக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்பதுதான் பல்லவி. யோபு புத்தகத்தின் எட்டாம் அதிகாரம். பாதிக் கிறிஸ்தவ வீடுகளில் காலண்டரில் தொங்கும் வசனம். சீட்டின் வலது பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை சாப்பிட வீட்டுக்கு வந்தபோது பல்லவியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது.

"வேதத்துல அச்சடிச்சுக் கெடக்கு, அதுக்கா வட்டம்?" என்று குதித்தேன்.

"சாத்தான் பேசுனதும்தான் வேதத்துல அச்சடிச்சுக் கெடக்கு" என்றாள். "இத யாரு சொன்னதுன்னு பாத்தீகளா?"

பார்க்கவில்லை. தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தேன். கட்டினவனுக்கு ஒரு பாட்டு விட்டுக்கொடுக்க மனசில்லாதவள் என்று சத்தம் போட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. அவள் வேதத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

சொன்னது யோபுவைத் தேற்ற வந்த நண்பர்களில் ஒருவர். கேட்டுக்கொண்டிருந்தவர் யோபு, பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டுச் சாம்பலில் உட்கார்ந்திருந்த தகப்பன். காலண்டர் வசனத்துக்கு மூன்று வசனம் மேலே, உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதன் பலனை அனுபவித்தார்கள் என்கிற பொருளில் அதே நண்பர் பேசுகிறார். நீ ஒழுங்காக இருந்தால் உன் முடிவு நன்றாக இருக்கும் என்பது அந்தப் பேச்சின் தொடர்ச்சி. புத்தகத்தின் கடைசியில் ஆண்டவர் அந்த நண்பர்கள்மேல் கோபப்பட்டு, ஏன் ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்த யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார். நாற்பது வயதுவரை அந்த வசனத்தைக் காலண்டரிலேயே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது எதுவும் தெரியாது.

"அடுத்த ஞாயித்துக்கெழம பண்டிகையில டோலக் யாரு வாசிக்கப் போறது?" என்று அவள் கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் டோலக்குக்காரர் நூற்பாலையில் வேலை பார்த்த இளம் தகப்பன். மூன்று மாதத்துக்கு முன் அவருடைய ஒரே மகள் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். துக்கம் கேட்க வந்த எங்கள் சபை ஆட்களே, விசுவாசம் குறைந்திருக்கும், ஜெபம் போதாமல் போயிருக்கும் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் மனைவி அதோடு சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். இவர் மட்டும் வந்து, வாய் திறக்காமல் டோலக் வாசித்துவிட்டுப் போவார். அந்த மனுஷர் கையாலேயே அந்த வரிக்குத் தாளம் போடவைக்க இருந்தேன் நான்.

ஒரு வாரம்தான் இருந்தது. ராகத்தை வைத்துக்கொண்டு வரிகளைத் தூக்கிப் போட்டேன். இந்தத் தடவை வசனத்தைப் பார்த்துவிட்டு எழுதினேன். ஏன் என்னைக் கைவிட்டீர், எத்தனை நாள் கூப்பிடுவேன், என் பிள்ளை இருந்த இடம் வெறுமையாய்க் கிடக்கிறதே, நீர் பார்க்கவில்லையா என்று பாட்டு முழுக்கக் கேள்வி. யோபு, சங்கீதம், ஆபகூக், எரேமியா என்று வலது பக்கம் நிறைந்தது. அவள் ஒவ்வொரு வரியாக வாசித்து எல்லாவற்றுக்கும் டிக் போட்டாள்.

"ஸ்தோத்திரப் பண்டிகையில போயி இப்பிடி ஒரு பாட்டா?" என்று போதகர் தயங்கினார். அவள் சீட்டை நீட்டினாள். அவர் வாசித்துவிட்டு, "பாடுங்க" என்றார்.

பாடினோம். இரண்டாம் சரணத்தில், பிள்ளை இருந்த இடம் என்ற வரி வந்தபோது டோலக் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆர்மோனியத்தை மட்டும் வைத்து எப்படியோ இழுத்து முடித்தேன். கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மூன்று மாதத்தில் இரண்டாம் தடவையாக அந்த மனுஷரைக் காயப்படுத்திவிட்டோம் என்றே நினைத்தேன்.

வெளியே அசனச் சாப்பாட்டுக்குப் பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது. அவர் பந்திக்குப் போகாமல் எங்களிடம் வந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் மனைவியிடம்தான் பேசினார்.

"மதினி, ஆண்டவர்கிட்ட இப்பிடியெல்லாம் கேக்கலாமா? இந்தப் பாட்டுக்குச் சீட்டு இருக்கா?"

அவள் வேதத்துக்குள்ளிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் வலது பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்துக்கொண்டே கீழே இறங்கினார். எல்லா வரிக்கும் டிக் இருந்தது.

"கேட்டவுகளத்தான் தம்பி ஆண்டவர் சரியாப் பேசுனாகன்னு சொன்னாரு" என்றாள் அவள்.

"இந்தச் சீட்ட நான் வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா மதினி?" என்றார். "வீட்டுல அவ மூணு மாசமா இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா. இப்பிடிக் கேக்குறது பாவம், வாய மூடுன்னு நான்தான் அவள அதட்டிட்டேன்."

சாப்பிடாமலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.