ஒற்றைக் கால் ஷூவுக்குள் ஒரு பென் டிரைவ்

என் மேசையில் ஓர் இடது கால் ஷூ இருக்கிறது. உள்ளே ஒரு பென் டிரைவ். நான் வேலை பார்த்த ஆம்பூர் ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமைப் பார்த்துக்கொண்ட அக்கா கொடுத்தது. நாங்கள் இருவரும் மின்னூல் பைத்தியங்கள். சாப்பாட்டு வேளையில் தினமும் சண்டை. புத்தகங்களை அடுக்குவதில் அவர் போல்டர் கட்சி, நான் டேட்டாபேஸ் கட்சி. ஒரே புத்தகத்துக்கு எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும் ஒட்டலாமே என்று நான் குதிப்பேன். “ஒட்டிக்கினே இருந்தா எப்ப படிக்கிறது?” என்பார். ‘நாட்றம்பள்ளி பஸ்’, ‘அழுதுட்டேன்’ என்றெல்லாம் அவருடைய போல்டர்களுக்குப் பெயர். ஒன்று ‘பாப்பா படிக்க’. அப்போது கைக்குழந்தையாக இருந்த மகளுக்காக, ஒவ்வொன்றையும் தானே படித்துச் சேர்த்தவை.

ஒருநாள் அவருடைய பென் டிரைவை வாங்கி மொத்தத்தையும் டேட்டாபேஸில் ஏற்றினேன். எழுத்தாளர் வாரியாக அது அடுக்கிய அழகில் மயங்கி, பழைய போல்டர்களை அழித்துவிட்டு, புதிய அடுக்கை அதில் போட்டுப் பெருமையாக நீட்டினேன். அவர் முதலில் தேடியது ‘பாப்பா படிக்க’. புத்தகங்கள் எல்லாம் இருந்தன. எவை பாப்பாவுக்கு என்பதுதான் இல்லை. அது போல்டரின் பெயரில் மட்டுமே இருந்திருக்கிறது.

“இன்னா இப்படிப் பண்ணிட்ட?” என்றபடி அலமாரியைத் திறந்தார். வாங்குபவர் ஒப்புக்கொண்ட சாம்பிள் ஜோடியில் ஒரு கால் அவருக்குப் போகும். மற்றது சீட்டுக் கட்டி எங்களிடம் இருக்கும், நாளை பேச்சு மாறினால் காட்டுவதற்கு. அப்படியொரு ஒற்றை ஷூவுக்குள்ளிருந்து இன்னொரு பென் டிரைவை எடுத்தார். “சாம்பிள் ரூம்ல இருக்கறவ ஒண்ணு மட்டுமா வெச்சிருப்பேன்?”

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. போல்டர் பெயர்களை எல்லாம் அன்றே குறிச்சொற்களாக ஏற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அக்கா, ‘அழுதுட்டேன்’ புத்தகம் ஒன்றைக் காட்டி, “இதுக்கு ‘பாப்பா படிக்க’வும் ஒட்டு. அழட்டும், பரவால்ல” என்றார். அவர் கட்சி மாறியது அந்த நொடியில்தான்! அக்கா வேலையை விட்டபோது, கழித்துப்போட்ட ஜோடி ஒன்றில் வலது காலை அவர் எடுத்துக்கொண்டு இடதை எனக்குத் தந்தார். இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு பென் டிரைவ், ஒரே சேகரிப்பு.

வருடங்கள் ஓடி, போன வாரம் அக்காவின் போன். “பாப்பா படிக்க இன்னா இருக்குன்னு கேக்கறா. என் பென் டிரைவ் திறக்கவே மாட்டேங்குது, ஒரே பேஜார்.” இடது கால் ஷூவைக் கவிழ்த்துப் பென் டிரைவை எடுத்துச் செருகினேன். ‘பாப்பா’ என்று ஒரு சொல் அடித்ததும் அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. அனுப்பிவிட்டேன். நேற்று ஒரு குரல் செய்தி வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு சின்னப் பெண் பேசினாள்: “மாமா, அழுதுட்டேன். அடுத்தது இன்னா?”