வெளிச்சம் தின்ன வந்ததன் குரல்

திருவெம்பாவை வந்தால் பத்து நாளும் விடியற்காலையில் தெருவால் சங்கூதிக்கொண்டு போவது என் வேலை. ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். சங்கு வாயில் இருந்தால் ஒருவரும் என்னோடு கதைக்க மாட்டார்கள்.

பக்கத்து வளவு அக்கா வேதக்காரி. தபால் கந்தோரில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். போன நத்தாருக்குக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடித் தேவாலய மண்டபத்தில் நடக்கும் ஒளிவிழாவுக்காக ஒரு நாடகம் எழுதினார். வேற்றுக்கிரகத்திலிருந்து ஒன்று வருகிறது. அதற்கு உருவம் இல்லை, சத்தம் மட்டும்தான். அது வெளிச்சத்தைத் தின்னும். வீடுகளில் தொங்கும் நத்தார் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு, பாலன் பிறந்த மாட்டுக்கொட்டிலை நோக்கி வருகிறது. பாலனின் அழுகையைக் கேட்டதும் திரும்பிப் போகிறது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். அதனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாசித்துக் காட்டினார். பதினொரு மணி வெயிலில் எனக்கு முதுகு குளிர்ந்தது. முத்திரை குத்திய கைக்குள் இதெல்லாம் எங்கே இருந்தது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் ஒத்திகையில் போனிலிருந்து போட்ட சத்தத்துக்கு விழாக்குழு சிரித்துவிட்டது.

"உது வேற்றுக்கிரகம் இல்லை அக்கா. ஆரோ தோட்டத்துக்கு மோட்டர் போட்டிருக்கினம்" என்றாராம் தலைவர். விழாவிலும் சனம் சிரித்தால் அடுத்த வருடம் முதல் நாடகமே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அக்கா வேலியடிக்கு வந்தார்.

"தம்பி, நீர்தான் சங்கூதித் தரவேணும்."

"மேடைக்கு நான் வரமாட்டன் அக்கா."

"மேடைக்கு ஆர் கூப்பிட்டது? திரைக்குப் பின்னாலை."

"ஊரே விடியக் கேக்கிற சத்தம். மண்டபத்திலை பாதி எங்கடை சனம். கண்டுபிடிச்சுச் சிரிக்குங்கள்."

குசினிக்குள் அடுப்படியில் இருந்து என் மனைவி, "இவருக்குக் கதைக்கத்தான் வாய் இல்லை அக்கா, ஊத இருக்கு. கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு எங்கள் கிணற்றடியில் நின்ற நீலத் தண்ணீர்ப் பரலை, அந்தப் பெரிய பிளாஸ்டிக் பீப்பாயைக் காட்டினார். ஒரு சாண் தண்ணீர் விட்டு, அதற்குள் குனிந்து ஊதச் சொன்னார். கோயில் சங்கை நான் தொடவில்லை. வீட்டில் கிடந்த பழைய சங்கை எடுத்தேன். அவர் தூரத்தில் தென்னையடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"உது சங்கு. உதுவும் சங்கு. இன்னும் மெல்ல, தம்பி. எப்ப தொடங்கினது எண்டே தெரியக்கூடாது."

மூன்றாம் நாள் ஒரு மூச்சு முழுக்க ஊதினேன். தலையை நிமிர்த்திப் பார்த்தேன். சிலிர்த்துப்போன கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

விழா பின்னேரம் நடந்தது. யன்னல்களுக்குக் கறுப்புச் சீலை கட்டியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் வைத்திருந்த பரலுக்குள் குனிந்தால் மேடை தெரியாது. அதனால் அக்கா என் இடது கையில் ஒரு கயிற்றைக் கட்டி, மறு நுனியைத் தான் வைத்துக்கொண்டார். இழுத்தால் ஊத வேண்டும். மறுபடி இழுத்தால் நிறுத்த வேண்டும்.

"மோட்டர் போடப்போகினம்" என்று முன்வரிசையில் யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பரலுக்குள் குனிந்து சங்கை உதட்டில் வைத்தேன். கயிறு இழுபட்டது. இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவில் ஊதத் தொடங்கினேன். கயிறு மறுபடி இழுபட, நிமிர்ந்து திரை இடுக்கால் பார்த்தேன்; முதல் நட்சத்திரம் அணைந்திருந்தது. அடுத்ததும் அணைந்தது. சிரிப்பு நின்றிருந்தது.

கடைசி நட்சத்திரத்துக்கு ஊதினேன். நிறுத்தச் சொல்லிக் கயிறு இழுபடவே இல்லை. மூச்சு முடியப்போனது. பாலனின் அழுகை போனில் இருந்தது, அக்கா அதைப் போடாமல் நின்றார். அந்த இருட்டில் பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. அப்போதுதான் கயிறு இழுபட்டது. நட்சத்திரம் மறுபடி எரிந்தது. சனம் கைதட்டியது.

அப்படி ஒரு அழுகை வரும் என்று எப்படி நம்பி நின்றார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

சத்தம் போட்டது யார், மேடைக்கு வரட்டும் என்று தலைவர் ஒலிவாங்கியில் கேட்டார். நான் பரலோடு ஒட்டி இருந்துவிட்டேன்.

"அது வந்த இடத்துக்கே போயிட்டுது" என்றார் அக்கா.

அடுத்த நாள் விடிய நான் சங்கூதிக்கொண்டு போனபோது, தலைவர் தன் படலையடியில் நின்று என்னையும் சங்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

இந்த வருடத்து நாடகத்தை அக்கா எழுதிக்கொண்டிருக்கிறார். பரலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.