பன்றிக்கு வைத்த காய்

சங்கிலிமுத்துவுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பதினெட்டு வருட வேலை. அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுவதில் அவன் கை தனி. கடைசி முடிச்சை மட்டும் இடப்பக்கமாக இழுத்துத்தான் போடுவான்.

மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டிருந்த மச்சான் ஒச்சப்பன் ஒருநாள் வந்து, பன்றிகள் தோட்டத்தையே உழுது போட்டுவிட்டதாகப் புலம்பினான். கொழுப்பு தடவி வைக்க, கடித்தால் வெடிக்கிற காய் நான்கு வேண்டும் என்றான். தப்பென்று தெரிந்தே சங்கிலிமுத்து வெடிமருந்து வைத்துச் சணல் சுற்றிச் செய்து கொடுத்தான்.

இருபது நாள் கழித்து ஓடையோரத்தில் ஒரு பெண்புலி செத்துக் கிடந்தது. தாடை சிதறி, இரையைக் கடிக்க முடியாமல் பட்டினியில் போயிருந்தது. மடியில் பால் இருந்ததாம். வனக்காப்பாளர் மாரிசெல்வி, பக்கத்தில் கிடைத்த சணல் துண்டை எடுத்துக்கொண்டு ஆலை ஆலையாக விசாரித்துச் சங்கிலிமுத்துவிடமும் வந்தார். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் சுடலை என்கிற பெரியவர்மீது சந்தேகம், அவரைத் தினமும் வரவழைத்து விசாரிக்கிறோம் என்றும் சொன்னார்.

"இது யாரு கட்டுன முடிச்சுன்னு தெரியுதாண்ணே?"

பார்த்ததும் தெரிந்தது. "தெரியலைம்மா" என்றுவிட்டான்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மனைவி பொன்மணியிடம் உடைத்துச் சொன்னான். அவள் சத்தம் போடவில்லை. தட்டை மட்டும் தள்ளி வைத்தாள்.

"அந்தப் பெரியவர் அங்கன குத்தவாளியா உக்காந்திருக்காரு. நீங்க இங்கன சோத்த வச்சிக்கிட்டு இருக்கீக."

அப்படியே எழுந்து பஸ் ஏறினான். வனத்துறை அலுவலக வாசலில் சுடலை உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. முடிச்சு தன்னுடையது, காய் ஒச்சப்பனுக்குச் செய்து கொடுத்தது என்று ஒப்புக்கொண்டான். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று மாரிசெல்வி கேட்டார்.

"நீங்க அண்ணேன்னு கூப்பிட்டீகம்மா. எனக்கு வாய் வரலை."

சுடலையை விட்டுவிட்டார்கள். அவனும் ஒச்சப்பனும் நாற்பது நாள் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தார்கள். வழக்கு நடக்கிறது. ஆலை வேலை போயிற்று. செத்த புலியின் இரண்டு குட்டிகளில் ஒன்று மட்டும் காட்டுக் கேமராவில் தெரிந்தது.

இப்போது அவன் வனத்துறையினரோடு மலையடிவாரத் தோட்டங்களில் இப்படி மறைத்து வைத்த காய்களைத் தேடிப் போகிறான். இலைக்கடியில் கிடந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. இதுவரை பதினொன்று கிடைத்திருக்கின்றன. அதற்காக ஒரு கூட்டத்தில் துண்டு போர்த்த வந்தார்கள். அவன் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

சுடலை எதிரே வந்தால் பாதை மாறி நடப்பான். போன மாதம் அவரே கூப்பிட்டு, மேலே சுனைப்பக்கம் குட்டியின் கால்தடம் கிடப்பதாகச் சொன்னார். சங்கிலிமுத்து தலையாட்டினானே தவிர, அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.