பனியன் துணியில் கட்டி இழுத்த டிராக்டர்

எங்கள் பனியன் கம்பெனியின் கட்டிங் செக்‌ஷன் ஒரு காலத்தில் அப்பாவின் டிராக்டர் ஷெட். வீரபாண்டிப் பக்கம் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மாட்டுக்கொட்டகையில் ஓவர்லாக் மெஷின் ஓடுகிறது, கோழிப்பண்ணையில் அயர்னிங் நடக்கிறது. எங்கள் ஷெட்டில் மட்டும் ஒரு கோளாறு. ஷெட்டை எனக்குக் கொடுத்த அப்பா, டிராக்டரை வெளியே எடுக்கவில்லை. டயர்கள் காற்றிறங்கித் தரையோடு அமுங்கி, பிரேக் துருப்பிடித்து இறுகி, துணி விரிக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அது நின்றது. அதன் பானெட் மேல்தான் கட்டிங் மாஸ்டர் டிபன் பாக்ஸ் வைப்பார்.

புது கட்டிங் டேபிள் மறுநாள் வருகிறது என்றானதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. எனக்குப் பொறுமை கம்மி என்று ஊரில் சொல்வார்கள். சொல்பவர்கள் யாரும் அந்த டிராக்டரில் முழங்காலை இடித்துக்கொண்டவர்கள் இல்லை. எங்கள் தெருக்கோடியில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் தூத்துக்குடிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கேஸ் சிலிண்டரோடு வந்து இறங்கினார்.

“இங்கனயே வெட்டிருவோம்க்கா. ரெண்டு மணி நேரச் சோலிதான்.”

அப்பா குறுக்கே வந்து நின்றார்.

“விக்கறதுன்னா வித்துக்க அம்மிணி. எம்பட ஊட்டு வாசல்ல வெச்சு வெட்டப்படாது. அது உருண்டுதான் வெளிய போகோணும்.”

சொல்லிவிட்டு பானெட் மேல் கையை வைத்துக்கொண்டார். அதற்குமேல் சண்டை பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. இருட்டுவதற்குள் உருண்டால் முழு வண்டியாகப் போகும், இல்லையென்றால் அங்கேயே வெட்டிவிடுவது என்று முடிவாயிற்று. அப்பா உள்ளே போய் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, சீட்டில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

கம்ப்ரசரை இழுத்துவந்து டயர்களுக்குக் காற்றடித்தோம். டெய்லர்கள் எல்லோரும் மெஷினை விட்டு எழுந்து வந்து தள்ளினார்கள். பீகார்க்காரர்கள் “ஜோர் லகா கே” என்று இந்தியில் கத்தினார்கள். செக்கிங் பெண்கள் ஓரமாக நின்று “இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்” என்று குரலால் தள்ளினார்கள். வண்டி இம்மியும் அசையவில்லை. அப்பா மட்டும் நெடுஞ்சாலையில் போகிற மாதிரி ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார்.

சரி, கம்பெனியின் மினி லாரி, அந்தக் குட்டியானையில் கட்டி இழுக்கலாம் என்றேன். கயிறு இல்லை.

“கயித்துக்கு எங்கீங்க்கா போறது?” என்றார் கட்டிங் மாஸ்டர். “ரிஜெக்ட் ஆன துணி ரோல் ரோலாக் கெடக்குது. நாலா மடிச்சு முறுக்குனா இரும்புக் கம்பியாட்டம் இருக்குமுங்க.”

நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். அங்கே நின்ற அத்தனை பேரும் துணியைத் தொட்ட மாத்திரத்தில் என்ன ஜிஎஸ்எம், எவ்வளவு கனம் என்று சொல்லக்கூடியவர்கள். பனியன் துணியால்தான் நாங்கள் சோறு தின்கிறோம். அதிலும் அது லைக்ரா கலந்த ரிப் துணி. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

குட்டியானை கிளம்பி கேட்டைத் தாண்டியது. “வருது, வருது!” என்று எல்லோரும் கைதட்டினோம். வந்தது துணி மட்டும்தான். அது நீண்டது, இன்னும் நீண்டது, குட்டியானை ரோட்டுக்கே போய்விட்டது. அங்கே சக்கரம் நின்ற இடத்தில் சுற்றியது. டிரைவர் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். குட்டியானை சர்ரென்று பின்னால் வந்து மறுபடி கேட்டுக்குள் நின்றது. டிரைவர் வெளியே தலையை நீட்டினார்.

“அக்கா, நான் ரிவர்ஸே போடலீங்க!”

இரும்புக்கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “கடையில இரும்புச் செயின் கெடக்குக்கா” என்றார்.

“அத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?” என்று சீறினேன்.

“நீங்க கேக்கவே இல்லியேக்கா.”

செயின் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சீட்டை விட்டு இறங்காத அப்பாவின் முகம் வாடிப்போயிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. கட்டிங் மாஸ்டர் தையல் மெஷின் எண்ணெயைக் கேனோடு பிரேக்கில் கவிழ்த்தார். நான் சுத்தியலை வாங்கி, காலையிலிருந்து சேர்ந்த கோபம் தீருமட்டும் அடித்தேன். செயினை மாட்டி இழுத்ததும் உள்ளே படாரென்று பிரேக் தெறித்து விட்டது. டிராக்டர் கிறீச்சிட்டபடி நகர்ந்தது. பீகார்க்காரர்கள் விசிலடித்தார்கள், செக்கிங் பெண்கள் குலவை போட்டார்கள்.

கேட்டுக்கு வெளியே வந்ததும், “எறங்குங்கப்பா, இனி அவரு பாத்துக்குவாரு” என்றேன்.

“ஸ்டேரிங் ஆரு புடிக்கறது? நீ சித்த சும்மா இரு அம்மிணி.”

தெருக்கோடி வரை அவரே ஓட்டிக்கொண்டு போனார். முன்னால் குட்டியானை இழுத்தது, பக்கத்தில் நான் நடந்தேன். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டினார். இரும்புக்கடைக்குள் திரும்பும்போது, பின்னால் ஒரு வண்டியும் வராத தெருவில், கையை நீட்டி சிக்னல் காட்டினார்.

உள்ளே போனதும் இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தார். உட்கார இடம் தேடுகிறார் என்று நினைத்தேன். அவர் இரும்புக் குவியல் பக்கம் போய் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்.

“பிரேக்கு இல்லீங்க. உருண்டு போயிரும்” என்றார், விடிந்தால் அதை வெட்டப்போகிற இரும்புக்கடைக்காரரிடம்.

இரும்புக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் இன்னொரு கல்லைத் தேடி எடுத்துவந்து அடுத்த சக்கரத்துக்கு வைத்தேன்.