திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்

ஆய்வில் பங்கேற்பவர் தாம் அளித்ததை, காரணம் ஏதும் கூறாமல், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அவர் இறந்துவிட்டால் அந்த உரிமை வாரிசைச் சேரும். எங்கள் சம்மதப் படிவத்தில் இருந்த விதி இது.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மழைக்காட்டுக்குள் இருந்த மலைக் குடியிருப்பில் உண்ணிக் காய்ச்சல் ஆய்வுக்காக ரத்தம் எடுத்தபோது, இதை நானே சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தவர் சம்மதத்தைத்தான் நினைத்திருப்பார். கேட்டவர்கள் ரத்தத்தை நினைத்துக்கொண்டார்கள். ரத்தமோ ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த எங்கள் ஆய்வு நிலையத்தின் வாடகைக் கட்டடம் வழியாகச் சென்னைக்குப் போய்விட்டது.

அடுத்த வருடம், ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவர் தேன் எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து இறந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. தலைமாட்டில் ஒரு சாண் குழி மட்டும் மூடாமல், மேலே கல் வைத்திருந்தார்கள்.

"அவிய ரத்தம் ஒங்ககிட்ட இருக்குல்லா, டாக்டரய்யா. கொண்டாங்க, போட்டு மூடிருதேன்" என்றார் அவர் மனைவி.

"அது மெட்ராஸ்ல ஃப்ரீசர்ல இருக்கும்மா. கொஞ்சூண்டுதான்."

"ஒரு வெரல வெட்டித் தாரியளா? அதுவும் கொஞ்சூண்டுதான."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அவியளுக்குக் குளிரே ஆவாது. அவியளப் போயி பெட்டில வச்சிருக்கியளே."

நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். புதைப்பதற்காக, திரும்பத் தரவும் என்று தெளிவாகவே எழுதினேன். எந்தக் கடிதம் யார் மேசையில் எவ்வளவு நாள் தூங்கும் என்பது எனக்கு மனப்பாடம். வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு அலைந்த இடத்தில் அந்த மனிதர் இறந்ததை நம்பினார்கள். பிறந்ததற்குத்தான் ஆதாரம் கேட்டார்கள். எப்படியோ வாங்கி அனுப்பினேன். அதற்குள் ஓய்வும் பெற்றுவிட்டேன்.

ஐப்பசி பிறந்ததும் மறுபடி மலையேறினேன். மழை அந்தக் குழியைத் தூர்த்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் கையாலேயே அதைத் தோண்டிவைத்திருந்தார்.

"பதில் வந்துச்சாய்யா?"

"இல்லம்மா. வரும்."

"வாசிச்சது நீங்கதான? அப்ப வரும்."

வந்தது. பங்கேற்பாளரின் விலகல் ஏற்கப்பட்டது. விதிப்படி ரத்த மாதிரி எரித்து அழிக்கப்பட்டது. அழித்தது ஆடி மாதத்தில். கடிதம் என் கைக்குக் கிடைத்தது தீபாவளிக்கு முந்தின நாள்.