டின்னில் இருந்த கள்ளி

என் வீட்டுச் சன்னலில் ஒரு பால் பவுடர் டின் இருக்கிறது. அதற்குள் உருண்டையாக ஒரு கள்ளி. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. உடம்பு முழுக்க மேலிருந்து கீழாக மடிப்புகள், மடிப்பின் விளிம்பில் பொட்டுப் பொட்டாகப் பஞ்சு, அந்தப் பஞ்சுக்குள் முள். தண்ணீர் காட்டாமல் விட்டால் மடிப்புகள் ஒடுங்கிக் கிழடு தட்டிவிடும்; ஊற்றினால் மறுபடியும் புடைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே வீட்டுக்குள் முள்ளுச்செடி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். காலையில் எழுந்ததும் அது அங்கேதான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். செடிக்குக் கால் முளைத்து எங்கேயும் போய்விடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் இப்படி ஒரு டின்னை வைத்துத்தான், ஒரு மனிதர் எங்கள் வீட்டில் இருப்பாரா போவாரா என்று சின்ன வயதில் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவரைச் சின்னய்யா என்று கூப்பிடச் சொன்னாள் அம்மா. நாங்கள் அப்போது சின்னக்கானலில் தேயிலை எஸ்டேட் லயத்தில் இருந்தோம். வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போன அப்பா திரும்பி வரவில்லை. அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று பிறகு தகவல்தான் வந்தது. அம்மா கொழுந்து எடுத்து என்னைப் பார்த்துக்கொண்டாள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, சுற்றுலா ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த இவரோடு முருகன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் தோளில் ஒரு பையும் கையில் இந்த மாதிரி ஒரு டின்னுமாக அவர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். குடித்தனம் நடத்த வருகிற மனிதன் பாயைக் கொண்டுவருவான், பாத்திரத்தைக் கொண்டுவருவான். இவர் முள்ளைக் கொண்டுவருகிறாரே என்று எனக்கு அப்போதே மூக்கு வேர்த்துவிட்டது.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரர். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. "சாப்பிட்டீங்களா அம்முணி", "பள்ளிக்கூடம் உட்டாச்சுங்களா" என்று பத்து வயதுப் பிள்ளையான என்னிடம் 'ங்க' போட்டுப் பேசுவார். எங்கள் லயத்தில் கங்காணிக்கும் துரைக்கும்தான் 'ங்க'. வேலை ஆக வேண்டிய இடத்தில்தான் நாங்கள் அப்படிப் பேசுவோம். என்னிடம் இந்த மனிதருக்கு என்ன வேலை ஆக வேண்டியிருக்கிறது? எதையோ மறைக்கிறவர்தான் இவ்வளவு பணிவாகப் பேசுவார் என்று முடிவு கட்டிவிட்டேன். செடி எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, ஏதோ டூரிஸ்ட்டு ஜீப்பில் விட்டுவிட்டுப் போனது, யாரும் தேடி வரவில்லை, அதனால் தானே வைத்துக்கொண்டதாகச் சொன்னார். திருடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் துப்பு துலக்குவதுதான் எனக்கு வேலை. அவருடைய சட்டைகள் பெட்டிக்குள் போகாமல் ஆணியில்தான் தொங்கின. பையைக் காலி செய்யாமல் மூலையில் மாட்டியிருந்தார். செருப்பை வாசலைப் பார்த்தே கழற்றி விடுவார். எல்லாவற்றுக்கும் மேலே, சன்னல் கதவுக்கு வெளியே திட்டில் வைத்திருந்த அந்த டின். லயத்தில் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் மண்ணில் ஏதாவது ஊன்றியிருக்கும்: ரோஜா, டேலியா, பீன்ஸ். எங்கள் வாசலில் அப்பா நட்ட சௌசௌக் கொடி பந்தல் முழுக்கப் படர்ந்திருந்தது. இருக்கப் போகிறவர்கள் மண்ணில் நடுவார்கள். டின்னில் வைத்திருக்கிறவர் எந்த நேரமும் தூக்கிக்கொண்டு போகத் தோதாகத்தான் வைத்திருக்கிறார். இது என் கண்டுபிடிப்பு. ஆகவே ஜீப் எடுத்துக்கொண்டு அவர் எங்கே போனாலும் நான் கவலைப்பட மாட்டேன், சன்னலைப் பார்ப்பேன். டின் இருந்தால் ஆள் வருவார்.

அந்தச் செடியைப் பார்த்துக்கொள்வதில் அவருக்கு இருந்த பதவிசைக் கண்டால் எரிச்சலாக வரும். ஆற்று மணலில் செங்கல் துண்டும் அடுப்புக் கரியும் உடைத்துப் போட்டு டின்னை நிரப்பியிருந்தார். அடியில் ஆணியால் ஓட்டைகள். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை மண்ணுக்குள் சொருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவிப் பார்ப்பார். ஈர்க்கில் ஈரம் ஒட்டியிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. காய்ந்து வந்தால் ஓரமாக நாலைந்து கரண்டி. வெளிச்சத்தைப் பார்த்து ஒரே பக்கமாகச் சாயாமலிருக்க டின்னை அவ்வப்போது கொஞ்சம் திருப்பி வைப்பார். பஞ்சோடு பஞ்சாக வெள்ளைப் பூச்சி ஒளிந்திருந்தால் தீக்குச்சியில் துணி சுற்றித் துடைத்தெடுப்பார். இவ்வளவு அக்கறையா, எதற்கு என்று நான் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். "முள்ளு குத்திருமுங்க, தள்ளி உக்காருங்க" என்பார். பார்த்தீர்களா, பக்கத்தில் விடமாட்டேன் என்கிறார்.

பக்கத்து லயத்தில் இருந்த என் தாய்மாமா இதற்கு நெய் வார்த்தார். "டிரைவர் பயலுக்கு ஊருக்கு ஊரு ஒரு வீடு இருக்கும்ட்டி. கொழிஞ்சாம்பாறையில இவனுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கா இல்லையான்னு எவன் போயிப் பாத்தான்?" என்று என்னிடமே சொன்னார். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "எங்க போயிருவாக?" என்றாள். அவ்வளவுதான். இவ்வளவு வெகுளியாக ஒரு பெண் இருப்பாளா என்று அம்மாமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு தடவை பட்டவள். புத்தி வர வேண்டாமா? உடம்பு நடுங்குகிற குளிரில் காலையில் எழுந்ததும் முதல் காரியமாகச் சன்னல் கதவைத் திறந்து வைப்பாள், பிறகுதான் அடுப்பு. அவளுடைய அசட்டுத்தனங்களில் அதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது பெய்து ஓய்வதில்லை, வீட்டுக்குள் வந்து குடியிருக்கும். உப்பு கசியும், துணி காயாது. கள்ளியின் அடிப்பகுதி பழுப்பாகிக் கொழகொழத்தது. ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது டின் காலியாக இருந்தது. செடி செய்தித்தாளில் சுற்றி அவருடைய பைக்குப் பக்கத்தில் இருந்தது. மூட்டை கட்டிவிட்டார், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று மாமா வீட்டுக்கு ஓடினேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றால், சின்னய்யா அடுப்படியில் உட்கார்ந்து பிளேடைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "அழுகுனத அறுத்துட்டுச் சாம்பல் வெச்சிருக்கறனுங்க மச்சான். வெட்டுவாய் காயோணும். காஞ்சாத்தான் திலுப்பி வேர் உடுமுங்க" என்றார். மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்ததற்கு ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

செடி தப்பித்தது. அடுப்புக்கு மேலே, வீட்டிலேயே கதகதப்பான இடத்தில், அதற்கு ஒரு பலகை அடித்தார். ஆனால் அந்த ஆடி மாதத்தில் நான் பயந்தது நடந்தது. விடிந்து பார்த்தால் பலகையில் டின் இல்லை, மூலையில் பை இல்லை, ஆணியில் சட்டைகள் இல்லை. "அவுக தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காக. வந்திருவாக" என்றாள் அம்மா. எப்போதும் போலவே அரிசியை அளந்து போட்டாள். பாலித்தீன் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மழையில் கொழுந்தெடுக்கப் போனாள். மாமா வந்து, "நாஞ் சொன்னேம்லா" என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது, ஆனால் அவர் போய்விடக் கூடாது என்று இருந்தது. இரண்டும் எப்படி ஒரே வயிற்றுக்குள் இருந்தன என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் அம்மா தலையைக் குனிந்துகொண்டு லயத்துக் குழாயடிக்குப் போவதை என்னால் பார்க்க முடியாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அவர் வந்தார். ஒரு வாரமோ என்னவோ கழித்து, நனைந்த தலையோடு, அதே பையோடு. பைக்குள் கடலைக்காயும் கருப்பட்டியும் எனக்கு ஒரு பாவாடைத் துணியும் இருந்தன. நான் துணியைத் தொடவில்லை. "டின் எங்க?" என்றேன். "அங்கயே வெச்சுப்போட்டு வந்துட்டனுங்க அம்முணி. இந்த மழை அதுக்கு ஆகாதுங்க. நம்மூரு வெயிலுன்னா சும்மா கெடந்தாலும் பொழச்சுக்கும்" என்றார். அம்மா துண்டை எடுத்துக் கொடுத்தாள். சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு அடுத்த சந்தேகம் பிறந்துவிட்டது. நம்மூரு என்றாரே. உயிராய் வளர்த்ததைக் கொண்டுபோய் ஒரு வீட்டில் வைத்திருக்கிறார் என்றால் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? டின் இங்கே இருந்தவரைக்கும் எனக்கு ஒரு கணக்காவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக, தங்கை வீட்டில் காதுகுத்து, நோம்பி, திருவிழா என்று அவர் கிளம்பும்போதெல்லாம் அந்தச் சந்தேகம் எனக்குள் தலை தூக்கிக்கொண்டேதான் இருந்தது.

என்னைப் படிக்க வைத்தது அவர் ஜீப்தான். சர்க்கார் வேலை கிடைத்து, பாலக்காட்டுக் கிழக்குப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கு டீச்சராக வந்தேன். வந்த முதல் மாதமே, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர் தங்கை வீட்டுக்குப் போனேன். பலகாரம் வாங்கிக்கொண்டுதான் போனேன், ஆனால் போனது வேவு பார்க்க. அங்கே இருந்தது தங்கையும் அவர் வீட்டுக்காரரும் ஒரு எருமையும்தான். வாசல் ஓரத்தில் சிமெண்ட் தொட்டி நிறைய அந்தக் கள்ளி, தாயும் குட்டியுமாக நெருக்கியடித்துக்கொண்டு. "எங்கண்ணன் வந்தா எங்களப் பாக்கறதுக்கு முன்னால அதத்தானுங்க பாக்கும்" என்றார் அந்த அம்மா. முழுசாக நம்பிவிட்டேன் என்று சொல்லமாட்டேன்; உள்ளறையில் மாட்டியிருந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் டீ குடித்தேன். கிளம்பும்போது ஒரு குட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒரு பால் பவுடர் டின் காலியாக இருந்தது. மணல், செங்கல், கரி, அடியில் ஓட்டை. எனக்கு எல்லாம் மனப்பாடமாக இருந்தது.

வேர் பிடித்ததும் லீவுக்குப் போகும்போது மலைக்கு எடுத்துப் போனேன். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். டின்னை அவர் கையில் கொடுத்தேன். வாங்கி, மடிமேல் வைத்து, முகம் மலர ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து போய் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி வந்து மண்ணில் சொருகினார். அப்புறம் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, டின்னைத் தூக்கி என் பைக்குள்ளேயே வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

"இதக் கொண்டுட்டுப் போயிருங்க அம்முணி. உங்கம்மா பாத்தா தூங்காதுங்க" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"நான் இங்க வந்த புதுசுல, காத்தால எந்திரிச்சா மொதல்ல சன்னலத் தொறந்து டின்னத்தானுங்க பாக்கும் உங்கம்மா. பக்கத்துல கெடக்கற என்னையப் பாக்காது. தெனமும் அப்பிடிப் பயந்து பயந்து எந்திரிச்சா மனுசிக்கு ஒடம்பு என்னத்துக்காகும்? அதுதான் கொண்டுபோயி அங்க வெச்சேன்."

"மழைக்கு ஆகாதுன்னு சொன்னீங்களே?"

"மழையுந்தானுங்க" என்றார்.

துப்பு துலக்குகிறேன் என்று நான் வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் அம்மா என்னைவிடப் பெரிய துப்பாகத் துலக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் குளிரில் சன்னல் எதற்குத் திறந்தது என்பது எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாசலில் அப்பாவின் சௌசௌக் கொடி அப்போதும் காய்த்துக்கொண்டுதான் இருந்தது. திருப்பூருக்குப் போவதற்கு முந்தின நாள்கூடப் பந்தலுக்குப் புதுக் கம்பு ஊன்றியவர் அப்பா. அதை என் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

போன வருஷம் சின்னய்யா நெஞ்சுவலியில் போய்விட்டார். அம்மாவுக்கும் வேலை முடிந்து லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் வருவதற்கு முன் டின்னை எடுத்துக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். அவர் சொன்னதைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு. இரண்டு மூன்று நாள் போயிருக்கும். காலையில் எழுந்து வந்தால் சன்னல் திறந்திருக்கிறது, டின் அங்கே இருக்கிறது. அம்மா அதன் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு என் பைக்குள் துண்டுக்கு அடியில் இருந்ததையும் இவள் பார்த்திருப்பாளோ என்று எனக்கு அந்த நேரத்திலும் சந்தேகம் வந்தது. "அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"டின்னு இங்கனதானட்டி இருக்கு" என்றாள், திரும்பாமல். "அவுக எங்க போயிருவாக?"

அப்புறம் அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். தினமும் அப்படித்தான், சன்னலைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு. அவள் பார்த்துவிட்டு நகர்ந்த பிறகு நானும் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.