எங்கள் சபையின் வெள்ளைக்காரப் போதகர்

இலவசக் கருவி ஒன்றில் எங்கள் சபைக்கு வலைத்தளம் செய்து, இன்று காலை சபையின் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்று போதகர் என்னை நம்பிக் கொடுத்த வேலை.

திருத்தங்கல் பேருந்தில் சபைச் செயலர் அண்ணாச்சி என் இருக்கைக்கே வந்துவிட்டார். காலண்டர் அச்சகம் நடத்துபவர்.

"ஏம்மா, 'எங்கள் போதகர்'னு போட்டிருக்க எடத்துல ஒரு வெள்ளைக்காரரு சிரிச்சுக்கிட்டு இருக்காரே, யாரு அவரு?"

அந்தக் கருவியிலேயே மாதிரிக்கு இருந்த படம். மாற்ற மறந்திருக்கிறேன்.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "எம்புட்டு காப்பி வெளிய போயிருக்கு? பயப்படாத. நம்ம பாஸ்டர் படத்த ஸ்டிக்கரா அடிச்சு மேல ஒட்டிருவோம். போன சீசன்ல ஒரு லோடு காலண்டரையே அப்படித்தான் காப்பாத்துனேன்."

நான் போனிலேயே படத்தை மாற்றினேன். "இப்பத் திறந்து பாருங்க அண்ணாச்சி."

பார்த்தார். "எல்லாருக்குமா மாறிருச்சு? ஒரு தாள்கூட வீணாகலையா?"

"ஆகலை அண்ணாச்சி."

"இது நல்லதுக்கில்லம்மா. அப்புறம் எங்க பொழப்பு என்னாகுறது?"

இறங்கும்போது குழுவில் போதகரின் செய்தி வந்திருந்தது. திறக்கவே பயந்தேன்.

"படத்த ஏம்மா மாத்துன? எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. இந்த ஞாயிறு பிரசங்கத்துக்கு அவரையே வரச் சொல்லு."

ரோட்டிலேயே நின்று சிரித்துவிட்டேன்.

யாரிடமாவது அந்த வெள்ளைக்காரரின் நம்பர் இருக்கிறதா?